காற்றுக்கு எத்தனை ஆள்?

புதுக்கோட்டை என்றதும் உங்கள் மனசில் என்னென்ன வருகிறது? சித்தன்னவாசல் ஓவியம். குடுமியான்மலைப் பாறையில் வெட்டி வைத்த சங்கீதப் பாடம். திருமயம் கோட்டை. தொண்டைமான் அரண்மனை. கொஞ்சம் வயசான பெரியவராக இருந்தால், 'அம்மன் காசு' என்பார். இந்தப் பட்டியலில் யாராவது 'கடல்' என்று சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. சுற்றிலும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள். நடுவில் தீவு மாதிரி இந்த ராஜ்ஜியம். 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதி ஆனது. அப்புறம் 1974 ஜனவரி 14, பொங்கல் திருநாளில் 'புதுக்கோட்டை மாவட்டம்' பிறந்தபோதுதான், தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கத்து மண்ணும், அதோடு சேர்ந்த கடற்கரையும் கைக்கு வந்தன. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல்... ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடற்கரை. பொங்கல் சீர் மாதிரி வந்த கடல்!

மாவட்டத்துக்குத்தான் கடல் புதுசு. கடலுக்கு அந்த மக்கள் புதுசு இல்லை. மாணிக்கவாசகர் கதை ஞாபகம் இருக்கிறதா? பாண்டிய ராஜா குதிரை வாங்கி வரச் சொல்லிப் பணம் கொடுத்து அனுப்பிய ஊர் திருப்பெருந்துறை. அதுதான் இன்றைய ஆவுடையார்கோயில். கடற்கரையிலிருந்து சற்றே உள்ளே தள்ளி இருக்கிற ஊர். 'துறை' என்று பேர் வைத்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். கப்பலில் குதிரை வந்து இறங்கும் என்று ஒரு ராஜா நம்புகிற அளவுக்கு இந்தக் கரை அன்றைக்கே பெயர் வாங்கியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வாரம் நாம் பேசப்போவது படகுப் பந்தயம் பற்றி. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கேள்வி: பாய்மரப் படகில் எத்தனை ஆள் ஏறுவது, எந்த அளவுப் பாயை விரிப்பது? 'இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடி நியூயார்க்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். சிட்னியில் ஆளைத் தண்ணீரில் குதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு கண்டுபிடிப்பையே தடை செய்திருக்கிறார்கள். நம்ம ஊர் மீனவர்களோ, ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டார்கள்!

முதலில் அந்தக் கடலைப் பார்த்துவிடுவோம். பேர், பாக் விரிகுடா. ராபர்ட் பாக் என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாதிரியாராக வந்து, கடைசியில் சென்னைக்கே கவர்னர் ஆனவர் (1763 முதல் 1767 வரை). அவர் பேரைத்தான் இந்தக் கடல் சுமந்துகொண்டிருக்கிறது. கடல் என்றால் ஆழம் என்றுதானே நினைப்போம்? இங்கே அப்படி இல்லை. சராசரி ஆழம் சுமார் 9 மீட்டர்தான். மூன்று மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கினால், மொட்டைமாடி நனையாமல் இருக்கும். கரையோரம் இன்னும் மோசம். வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. அடியில் சேறு, மணல், கடல்புல்.

இந்த ஆழமின்மைதான் நம் கதையின் வில்லன்... ஹீரோவும் அதுவேதான்.

ஏன் என்று கேளுங்கள். பாய் விரித்த படகுக்கு இரண்டு தலைவலிகள். பக்கவாட்டில் காற்று அடித்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும். அது முதல் தலைவலி. முன்னால் போவதற்குப் பதிலாக நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். அது இரண்டாவது. ஐரோப்பியர்கள் இரண்டுக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்தார்கள். படகின் அடிவயிற்றில் துடுப்புச் செதில் மாதிரி ஒரு கட்டையைக் கீழ்நோக்கி நீட்டி, அதில் ஈயத்தையோ இரும்பையோ கட்டிவிட்டார்கள். அதன் பேர் கீல். சாய்ந்தால் அடியில் இருக்கிற கனம் நிமிர்த்திவிடும். நம்ம தலையாட்டிப் பொம்மை தத்துவம்தான்! தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால், மணமேல்குடிக் கரையில் கீல் வைத்த படகை இறக்கிப் பாருங்கள். பத்தடி நகர்வதற்குள் சேற்றில் குத்தி நின்றுவிடும். ஆகவே, இந்தக் கரையின் படகு தட்டையான அடி கொண்டது. 'வத்தை' என்று பேர். கோடியக்கரைக்கு மேற்கே அதிராம்பட்டினம் தொடங்கி இந்தப் பக்கம் முழுக்க ஓடிய படகு. தலையாட்டிப் பொம்மைக்கு அடியில் இருக்கும் கனத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? விழுந்துவிடும். வத்தை விழவில்லை. எப்படி?

இரண்டு பலகைகள்! ஒன்று, படகின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை. படகு பக்கவாட்டில் நழுவாமல் இது பார்த்துக்கொள்ளும். ஆழம் குறைந்தால் மேலே தூக்கிவிடலாம். இன்னொன்று, படகின் குறுக்கே போட்ட நீளப் பலகை. அது காற்று அடிக்கும் பக்கத்தில் படகைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று கூடக் கூட ஆட்கள் அந்தப் பலகையில் ஒவ்வொருவராக வெளியே நகர்ந்து போய் உட்காருவார்கள். கீழே அலை, மேலே வானம், நடுவில் ஒரு பலகை. காற்று குறைந்தால் உள்ளே வந்துவிட வேண்டும். இல்லையென்றால், காற்றுப் பக்கமே சாய்ந்து அத்தனை பேரும் தண்ணீரில்!

ஈயத்துக்குப் பதில் மனுஷன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கிணற்றில் ஏற்றம் இறைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஏற்ற மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் உடம்பின் எடை மாறவே மாறாது. இடம் மட்டும்தான் மாறுகிறது. ஆனால், ஒரு முனைக்குப் போனால் சால் மேலே வருகிறது, மறு முனைக்குப் போனால் சால் கீழே போகிறது. சாய்வதையும் நிமிர்வதையும் தீர்மானிப்பது வெறும் எடை அல்ல, எடையும் தூரமும் சேர்ந்த பெருக்கல்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 60 கிலோ ஆள் ஒருவர் படகின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி, படகு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். பலன் 60. அதே ஆள் பலகையில் 3 மீட்டர் வெளியே போனால் பலன் 180. அதாவது, பலகை முனையில் உட்கார்ந்த ஒரு ஒல்லி மனிதர், விளிம்பில் உட்கார்ந்த மூன்று பேருக்குச் சமம்! படகுக்கோ ஓர் ஆளின் பாரம்தான். இதுதான் அந்தப் பலகையின் மாயம்.

காற்றின் கணக்கு இன்னும் முரட்டுத்தனமானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பாயை அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அதனால்தான் 'லேசா காத்து ஏறுது' என்று கரையில் நிற்பவர் சொல்லும்போது, படகில் இருப்பவருக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அந்த நேரத்தில் அவர் முன்னால் இரண்டே வழிகள். பாயைக் குறைக்க வேண்டும். அல்லது ஆளைப் பலகைக்கு அனுப்ப வேண்டும். பாயைக் குறைத்தால் வேகம் போச்சு. ஆளை அனுப்ப, ஆள் இருக்க வேண்டுமே!

'அப்படியானால் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது சும்மா இல்லை. ஒவ்வோர் ஆளும் ஏற ஏறப் படகு தண்ணீரில் கொஞ்சம் அமிழும். அமிழ்ந்தால் தண்ணீரோடு உரசல் அதிகம். காற்று பலமாக இருக்கும்வரை இது தெரியாது. காற்று செத்துப்போனால் தெரியும்... பக்கத்துப் படகு சர்ரென்று தாண்டிப் போகும்போது! ஆகவே, விடிகாலையில் கரையில் நின்று, 'இன்றைக்குக் கச்சானா, கொண்டலா, மத்தியானத்துக்கு மேல் ஏறுமா, இறங்குமா' என்று முடிவு செய்கிறாரே தண்டையல்... அவர் போடுவது ஒரு பெரிய பந்தயம். படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது.

*

இதையெல்லாம் உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் ஒரு மீன் ஆராய்ச்சியாளர். ஜேம்ஸ் ஹார்னெல் என்று பேர். இலங்கைக்கு முத்துச் சிப்பி ஆராய வந்தவர், பிறகு சென்னை ராஜதானியின் மீன்வளத் துறைக்கு இயக்குநர் ஆனார். மீனைப் பார்க்கப் போன மனிதர், மீன் பிடிக்கிற படகைப் பார்த்து மயங்கிவிட்டார். கன்னியாகுமரி முதல் கரை கரையாகச் சுற்றி, இந்தியப் படகுகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வை 1920-ல் கல்கத்தாவின் ஆசியச் சங்கம் வெளியிட்டது. பாக் விரிகுடாவின் குறுக்குப் பலகைப் படகுகளை அதில் பதிவு செய்தார். பசிபிக் தீவுகளின் படகுகளுக்கும் நம் தென்னாட்டுப் படகுகளுக்கும் ஏதோ பழைய உறவு இருக்க வேண்டும் என்று வாதாடினார். எல்லா அறிஞர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால், அவர் எழுதி வைத்திராவிட்டால் பல படகுகளின் பேர்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

1990-களில் இங்கிலாந்திலிருந்து இன்னொரு குழு வந்தது. ஷான் மெக்ரெய்ல், லூசி ப்ளூ, எரிக் கென்ட்லி என்ற ஆய்வாளர்கள். தமிழ்நாட்டுக் கரையில் வத்தை கட்டுகிற தச்சர்களைப் பார்த்து அசந்துபோனார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. முதலில் உள்சட்டங்களைக் கணக்குப் பிரகாரம் அளந்து நிறுத்தி, அப்புறம்தான் பலகை அடிக்கிறார்கள். மத்தியதரைக் கடலில் பழைய கப்பல் தச்சர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்! இது போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்து கொடுத்ததா, இல்லை இங்கேயே முளைத்ததா? அது தனி விவாதம். ஆனால், அந்தத் தச்சர்களின் மூளையில் ஒரு ஜியோமிதி வகுப்பே நடந்துகொண்டிருந்தது என்பதில் விவாதமே இல்லை.

பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போனால் இன்னும் சுவாரஸ்யம். அங்கே 'ஒருவ' என்று ஒரு படகு. ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக் கட்டை. காற்று ஏறினால் அந்தக் கட்டையைத் தாங்கும் கழியின் மேல் ஆள் நடந்து போய் நிற்பார். எனவே, அந்த மீனவர்கள் காற்றை எப்படி அளந்தார்கள் தெரியுமா? 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று', 'மூன்று ஆள் காற்று'! 19-ம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியர்கள் இதைக் கேட்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். இதைவிடத் துல்லியமான கருவி படகோட்டிக்கு வேறென்ன வேண்டும்? மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால், அதை வைத்து அவர் என்ன செய்வது? 'இரண்டு ஆள் காற்று' என்றால், அதிலேயே பிரச்னையும் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது.

*

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய்வருவோம்.

19-ம் நூற்றாண்டின் பிற்பாதி. நியூயார்க் துறைமுகத்தில் ஒருவிதப் படகுப் பந்தயம் சக்கைப்போடு போட்டது. அகலமான, ஆழமில்லாத படகுகள். படகின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத ராட்சசப் பாய்கள். சாயாமல் இருக்க? மணல் மூட்டை! ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோவுக்கு மேல். படகு திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் தடியன்கள் அத்தனை மூட்டையையும் தூக்கி மறுபக்கம் போட வேண்டும். 'மணல் மூட்டைக்காரன்' என்றே அந்தப் படகுகளுக்குப் பேர் வந்துவிட்டது. பந்தயத்துக்குப் பின்னால் சூதாட்டம், அடிதடி... கேட்கவே வேண்டாம்.

1876-ம் வருஷம் ஜூன் மாதம். அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டுப் பந்தயம். நதானியல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற விசித்திரமான படகோடு வந்தார். இரண்டு ஒல்லி உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்கே கோர்த்த படகு. மணல் மூட்டை கிடையாது. எடையைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டியிருந்தார். அதாவது, நம்ம பலகைக் கணக்கில் 'தூரம்' என்ற பக்கத்தை! மணல் மூட்டைப் படகுகளை ஓட ஓட விரட்டிவிட்டது அமரில்லிஸ். தோற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர்கள் அமரில்லிஸைத் தகுதி நீக்கம் செய்தார்கள்.

அந்த மாதிரிப் படகுக்கு அவர்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? 'கேட்டமரான்'. ஆமாம், நம்ம கட்டுமரம்தான்! 1697-ல் வெளியான பயணப் புத்தகத்திலேயே வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி, சோழ மண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திவிட்டார். நம்ம கட்டுமரத்தில் கட்டைகள் ஒட்டிக் கிடக்கும். அவர்கள் படகில் நடுவே இடைவெளி இருக்கும். பொருள் மாறிவிட்டது, பேர் மட்டும் தமிழாகவே ஒட்டிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இன்னொரு கூத்து. 1890-களிலிருந்து அங்கே 18 அடிப் படகுப் பந்தயம் பிரபலம். துணிக்கடை முதலாளி மார்க் ஃபாய், கரையில் நிற்கும் ஜனங்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று பாய்களில் கலர் கலராகச் சின்னம் போடச் சொன்னார். கூட்டம் அம்மியது. 18 அடிப் படகில் பத்துப் பன்னிரண்டு பேர்கூட அடைத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் காற்றை எதிர்த்து நிற்பதற்கான மனித மூட்டைகள். காற்று பின்பக்கம் திரும்பி, இனி அத்தனை எடை தேவையில்லை என்று ஆனதும்? 'குதிடா தண்ணீரில்!' கேப்டன் உத்தரவு போட, ஒருவர் பின் ஒருவராகக் குதித்து நீந்திக் கரை சேர வேண்டியதுதான். படகு லேசாகி ஜெயித்துவிடும்.

சிரிப்பு வருகிறதுதானே? கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். தேவைப்படும்வரை ஆள், தேவை முடிந்ததும் மூட்டை. இது படகில் மட்டுமா நடக்கிறது?

பின்னாளில் வந்த பந்தய விதிகள் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. எத்தனை பேரோடு புறப்பட்டாயோ அத்தனை பேரோடும் வந்து சேர்!

1938-ல் இங்கிலாந்து. பீட்டர் ஸ்காட் என்ற இளைஞர். தென்துருவத்துக்குப் போய்ப் பனியில் இறந்துபோன கேப்டன் ஸ்காட்டின் மகன். பிற்காலத்தில் உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா கரடிச் சின்னத்தை வரைந்தவரும் இவரே. அவரும் ஜான் வின்ட்டர் என்ற நண்பரும் பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, படகு விளிம்பில் காலை ஊன்றி, முழு உடம்பையும் வெளியே கிடத்தினார்கள். அந்த வருஷத்தின் பெரிய கோப்பையையும் தட்டிக்கொண்டு போனார்கள். உடனே என்ன நடந்தது? தடை! 'இது நியாயமில்லை' என்று அந்த உத்தியையே விலக்கி வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் அது மறுபடி உள்ளே வந்தது. இன்றைக்கு ஒலிம்பிக்கில் வீரர்கள் கம்பியில் தொங்குவதைப் பார்க்கிறோம்.

உடம்பைப் படகுக்கு வெளியே கொண்டுபோனால் வேகம் கூடும். இந்த விஷயத்தை இங்கிலாந்து 1938-ல் பந்தயத்தில் பார்த்துத் தடையும் செய்தது. ஹார்னெல் அதே விஷயத்தைப் பாக் விரிகுடாவில் பார்த்து எழுதியது அதற்கு 18 வருஷம் முன்னால்!

*

'எடையால் இத்தனை தில்லுமுல்லு என்றால், எடைக்கே ஒரு வரம்பு வைத்துவிடலாமே' என்று பந்தயக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. சில வகைப் படகுகளில் ஈர ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய சட்டைகளை மாட்டிக்கொண்டு, செயற்கையாகக் கனத்தை ஏற்றினார்கள். எத்தனையோ பேருக்கு முதுகெலும்பு பழுதானது. கடைசியில் எடைச் சட்டைக்குத் தடை வந்தது.

கீல் வைத்த சின்னப் படகுகளில் புகழ்பெற்றது 'ஸ்டார்'. 1911-ல் களத்தில் இறங்கி, 1932 முதல் 2012 வரை, 1976 ஒன்றைத் தவிர, ஒலிம்பிக்கில் ஓடிய படகு. இரண்டே பேர். இதற்கு ஒரு வேடிக்கையான ஃபார்முலா வைத்தார்கள். சுக்கான் பிடிப்பவரின் எடையை 100-லிருந்து கழி. வருவதை 1.5-ஆல் வகு. அதோடு 100-ஐக் கூட்டு. அதுதான் துணை ஆளின் உச்சகட்ட எடை. சுக்கான்காரர் 85 கிலோ என்றால் துணை ஆள் 110 கிலோ வரை இருக்கலாம். அவர் 70 கிலோ என்றால் 120 வரை! ஒல்லியான கேப்டன் குண்டான கூட்டாளியைத் தேட வேண்டும். கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி!

'ஜே-24' என்று இன்னொன்று. ராட் ஜான்ஸ்டோன் என்ற அமெரிக்கர் 1970-களின் நடுவில் தன் வீட்டு கார் ஷெட்டில் கட்டிய படகு. பிறகு உலகம் முழுக்க 5,000-க்கும் மேல் கட்டிவிட்டார்கள். இதில் ஆட்களின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது. பொதுவாக ஐந்து பேர். எல்லாரும் 80 கிலோவா, இல்லை இரண்டு தடியர்களும் மூன்று ஒல்லிகளுமா என்பது உங்கள் சாமர்த்தியம். முன்பக்கம் விரிக்கப் பெரிய பாய் ஒன்று, சின்னப் பாய் ஒன்று. மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் காற்றை நெருங்கும்போது, 'மாற்றலாமா, வேண்டாமா' என்று எல்லாரும் மேலே பார்ப்பார்கள். கனமான குழு இன்னும் கொஞ்ச நேரம் பெரிய பாயோடு தாக்குப்பிடிக்கும். லேசான குழு முன்கூட்டியே சின்னப் பாய்க்கு மாறியாக வேண்டும். மாறிய பிறகு காற்று இறங்கிவிட்டால்... தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

சும்மா சொல்லக் கூடாது, விதி நல்ல விதிதான். ஆனால், விதி வந்தால் கூடவே விதியை ஏய்க்கிற வழியும் வரும். எடை பார்க்கும் நாளுக்கு முன்பு பட்டினி கிடப்பதும், வேர்க்க வேர்க்க ஓடுவதும், தராசிலிருந்து இறங்கியதும் தண்ணீர் குடித்து எடையைத் திரும்ப ஏற்றுவதும் இந்த விளையாட்டிலும் நுழைந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் பாடுபடுகிற அதே பாடு.

இதற்கு நேர்மாறாக ஒரு வழி இருக்கிறது. உடம்பைப் பாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றாதே, பாயை உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்று! 'லேசர்' என்ற ஒற்றை ஆள் படகில் செய்தது இதைத்தான். உடல் ஒன்றே. பாய் மட்டும் மூன்று அளவு. 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். உங்கள் எடைக்கு எது பொருந்துமோ அதை மாட்டிக்கொள்ளுங்கள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகுப் போட்டியில் அந்தப் பெருமை அடைந்த முதல் இந்தியப் பெண் ஆனார் இல்லையா? 2021-ல் நடந்த அந்தப் போட்டியில் அவர் ஓட்டியது இந்த நடு அளவுப் பாய்தான்.

சென்னை என்றதும் இன்னொரு தகவல். இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியதும் அதே 1911-ல்தான். தொடங்கி வைத்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவர். அடுத்த வருஷம் அவருடைய அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். பேர், ஸ்ரீனிவாச ராமானுஜன்! அந்த மேதைக்காகக் கடிதங்கள் எழுதி வழி திறந்தவர்களில் ஸ்பிரிங்கும் ஒருவர். ஒரு கணக்கு மேதையைக் குமாஸ்தா நாற்காலியில் அடையாளம் கண்ட காலம் அது. அதே காலத்தில், படகுக் கணக்கின் மேதைகள் கோட்டைப்பட்டினம் கரையில் பலகை மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகக் கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை.

*

சரி, இன்றைக்குப் புதுக்கோட்டைக் கரையில் என்ன நிலவரம்?

1950-களுக்குப் பிறகு படிப்படியாக எஞ்சின் வந்தது. விசைப்படகு வந்தது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்களாக மாறின. நாட்டுப்படகுகளிலும் டீசல் எஞ்சினின் 'டப டப' சத்தம். இதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. காற்று இல்லாத நாளில் துடுப்பு வலித்துத் தோள் கழன்றவனுக்குத்தான் எஞ்சினின் அருமை தெரியும். ஆனால், பாயைச் சுருட்டி வைத்த அன்றைக்கே ஒரு படிப்பும் சுருண்டுவிட்டது. காற்றைப் பார்த்து ஆளைக் கணக்கிடும் படிப்பு.

முழுசாகச் செத்துப்போகவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கடலோர ஊர்களில் கோயில் திருவிழா, பொங்கல் சமயங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அப்போது பழைய பாய்கள் வெளியே வரும். குறுக்குப் பலகை வெளியே வரும். மணல் மூட்டைகூட ஏறும். எடை பார்க்கத் தராசு கிடையாது. தண்டையலின் கண்தான் தராசு. 'நீ ஏறு... நீ இரு...' என்று அவர் சொல்லும்போது, ஒலிம்பிக் ஃபார்முலா அங்கே சத்தமில்லாமல் வேலை செய்கிறது. காற்று ஏறினதும் பொடியன்கள் பலகையில் வெளியே ஓடுகிறார்கள். ஒருவன் அரை விநாடி தாமதித்தாலும் படகு கவிழும். கரையில் நிற்கும் கிழவர்களுக்கு மட்டும் தெரியும், தங்கள் காலத்தில் இது விளையாட்டு இல்லை, தினசரி ஜீவனம் என்று.

புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது 1974 ஜனவரியில் என்றேன் அல்லவா? அதே 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, இந்தப் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வரைந்தன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ஒரே வருஷத்தில் ஒரு கையில் கடலைக் கொடுத்து, மறு கையால் அதில் கோடு கிழித்துவிட்டார்கள். கோட்டைத் தாண்டியதற்காகக் கைதாகும் மீனவர்கள் செய்தியில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பேர்களைப் பேப்பரில் நீங்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! ஒரு காலத்தில் காற்றும் ஆளும் தீர்மானித்த தூரத்தை இன்றைக்கு டீசலும் கடனும் தீர்மானிக்கின்றன. கரையோரம் மீன் குறையக் குறைய, எஞ்சின் இன்னும் இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர்–புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். கடல்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி அது. எஞ்சினும் இழுவலையும் புல்லைப் பிய்த்தெறியும் அதே ஆழமில்லாத தண்ணீரில்தான் அதன் சாப்பாடு இருக்கிறது. எந்தத் தண்ணீருக்காக நம் ஆட்கள் கீலை விட்டுவிட்டுத் தட்டை அடியையும் தூக்கி வைக்கும் பலகையையும் தேர்ந்தெடுத்தார்களோ, அதே தண்ணீர். புல்லின் வேரைத் தொடாமல் அதன்மேல் வழுக்கிப் போகும் படகு அது.

மறுபடி எல்லாரும் பாய்க்குத் திரும்புங்கள் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாம் உபதேசிக்க முடியாது. ஆனால், அந்தப் போட்டிகளைத் திருவிழா வேடிக்கையாக மட்டும் பார்க்காமல், ஒரு பள்ளிக்கூடமாகப் பார்க்கலாம் இல்லையா? தண்டையல் எப்படி ஆளை எண்ணுகிறார், எந்தக் காற்றுக்கு எந்தப் பாய், பலகை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் கேட்டு எழுதி வைக்கலாம். ஹார்னெல் மாதிரி யாராவது வெளியூர்க்காரர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கரையோரப் பள்ளியில் படிக்கும் பையனும் பெண்ணும், கையில் இருக்கிற செல்போனிலேயே, தாத்தாவிடம் கேட்டுப் பதிவு செய்துவிடலாம்.

அடுத்த முறை புதுக்கோட்டைப் பக்கம் போனால், சித்தன்னவாசலோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் கிழக்கே போங்கள். திருவிழா நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போய், 'ஐயா, இன்னிக்கு அடிக்கிற காத்துக்கு எத்தனை ஆள் ஏறணும்?' என்று கேளுங்கள்.

அவர் வானத்தைப் பார்ப்பார். அப்புறம் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். உங்கள் எடையைப் போடுகிறார் என்று அர்த்தம்!